நிஜாமுல் முல்க்: மைக்கூடும் அமானிதமும்

 

மதரஸாக்களின் ஆண்டு விழாக்களில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேச எழும் பலரும் தவறாமல் எடுத்துக்கூறும் பெயர்களுள் ஒன்று நிஜாமுல் முல்க். பக்தாதில் ‘நிஜாமிய்யா’ என்னும் மாபெரும் கலாசாலையைக் கட்டியவர், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை அதன் பேராசிரியராக அமர்த்தியவர் என்ற இரண்டு செய்திகளோடு அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால் அவர் முதலில் ஓர் ஆட்சியாளர். குராசான் மாகாணத்தின் நிர்வாகத்தைச் சுமந்து, பின்னர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் சல்ஜூக்கியப் பேரரசின் வஸீராக, அதாவது முதலமைச்சராக இருந்த ஈரானியர். பதவி ஒரு மனிதரைக் கொண்டு எத்துணை நன்மைகளைச் செய்விக்கும் என்பதற்கும், அதே பதவி அவரை எங்கே வழுக்கி விழச்செய்யும் என்பதற்கும் அவரது வாழ்வில் சான்றுகள் உள்ளன. முதற்பகுதியை மட்டும் பேசி இரண்டாம் பகுதியை மறைப்பது வரலாற்றுக்கும் நியாயமன்று, நமது பிள்ளைகளுக்கும் நன்மையன்று என்பது நமது கருத்து.

தூஸிலிருந்து மர்வுக்கு

அவரது இயற்பெயர் அபூ அலீ ஹஸன் இப்னு அலீ. ஹிஜ்ரி 408இல், அதாவது கி.பி. 1018இல், ஈரானின் வடகிழக்கே தூஸ் நகரை அடுத்த ராத்கான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கஸ்னவிய அரசின் கீழ் வரி நிர்வாகத்தில் பணியாற்றியவர். பால்குடிப் பருவத்திலேயே தாயை இழந்த அக்குழந்தையைத் தந்தை பாலூட்டும் பெண்களிடம் எடுத்துச் சென்றார் என்றும், அவர்கள் கூலி பெறாமலே பாலூட்டினர் என்றும் வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் எழுதுகிறார். குர்ஆன் ஓதி, ஹதீஸும் ஃபிக்ஹும் கற்று, அரபியும் எழுத்துத் தொழிலும் தேர்ந்த பின்னரே அவர் அரசுப் பணிக்கு வந்தார்.

பல்க் நகரில் இப்னு ஷாதான் என்னும் அதிகாரியிடம் எழுத்தராக இருந்தார். அவ்வதிகாரி ஆண்டுதோறும் இவரிடம் சேர்ந்திருக்கும் பொருளையெல்லாம் பிடுங்கிக்கொள்வார் என்று நூல்கள் கூறுகின்றன. பொறுக்கமாட்டாத இவர் அங்கிருந்து தப்பி, மர்வில் இருந்த சல்ஜூக்கியத் தலைவர் சக்ரி பெக்கிடம் சேர்ந்தார். சக்ரி பெக் இவரைத் தம் மகன் அல்ப் அர்ஸலானிடம் ஒப்படைத்து, இவரைத் தந்தையாகக் கருதி இவர் சொற்படி நடக்குமாறு பணித்தார். அல்ப் அர்ஸலான் குராசானை ஆண்ட ஆண்டுகளில் அம்மாகாணத்தின் நிர்வாகம் இவரது கையில் வளர்ந்தது. 1063இல் துக்ரில் பெக் இறந்து அல்ப் அர்ஸலான் பேரரசின் சுல்தானானதும் மாகாண நிர்வாகி வஸீர் ஆனார். ‘அரசின் ஒழுங்கு’ என்று பொருள்படும் ‘நிஜாமுல் முல்க்’ அவருக்குக் கிடைத்த பட்டம். அவரது இயற்பெயரை உலகம் மறந்துவிட்டது.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் விலக்கிவிடுவோம். இவரும், கவிஞரும் கணிதருமான உமர் கய்யாமும், அலமூத் கோட்டையைப் பிடித்த ஹஸன் ஸப்பாஹும் சிறுவயதில் ஒரே ஆசிரியரிடம் ஓதிய தோழர்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கய்யாம் பிறந்தது 1048இல். வஸீருக்கும் அவருக்கும் வயது வேறுபாடு 30 ஆண்டுகள். ஒரே பாயில் அமர்ந்து ஓதியிருக்க வாய்ப்பே இல்லை. சுவையாக இருக்கிறது என்பதற்காக ஒரு செய்தியை மிம்பரில் சொல்லிவிடக்கூடாது என்பதற்கு இக்கதை ஓர் எச்சரிக்கை.

அநீதியைத் துடைத்த கை

அவர் பதவியேற்றபோது குராசானின் பள்ளிவாசல்களில் ஓர் அவலம் நிகழ்ந்துகொண்டிருந்தது. முந்தைய வஸீர் குன்துரீயின் காலத்தில் அஷ்அரீ கொள்கையுடைய ஆலிம்களை மிம்பர்களிலிருந்தே சபிக்கும் வழக்கம் புகுத்தப்பட்டிருந்தது. இமாம் குஷைரீ (ரஹ்) சிறைப்பட்டார். இமாம் ஜுவைனீ (ரஹ்) ஊரைத் துறந்து ஹிஜாஸுக்குச் சென்று, மக்காவிலும் மதீனாவிலும் பாடம் நடத்தினார். ‘இமாமுல் ஹரமைன்’ என்று அவருக்கு வந்த சிறப்புப் பெயரின் பின்னணி இதுவே. நிஜாமுல் முல்க் அச்சாபத்தை நிறுத்தினார். விரட்டப்பட்டோர் திரும்பினர். நைஸாபூரில் இமாமுல் ஹரமைனுக்காகவே ஒரு நிஜாமிய்யா எழுந்தது. அங்கே அவரிடம் ஓதிய மாணவர்களுள் ஒருவரே கஸ்ஸாலி (ரஹ்).

பக்தாத் நிஜாமிய்யாவின் கட்டுமானம் 1065இல் தொடங்கி, 1067இல் பாடம் ஆரம்பமாயிற்று. பல்க், ஹிராத், இஸ்ஃபஹான், பஸ்ரா, மர்வ், ஆமுல், மவ்ஸில் என அவர் நிறுவிய கலாசாலைகளைத் தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) பட்டியலிடுகிறார். மதரஸாவை முதன்முதலில் கண்டவர் இவர் என்பது சரியன்று. இவர் பிறப்பதற்கு முன்பே நைஸாபூரில் மதரஸாக்கள் இருந்தன என்பதை ஸுப்கீயே சுட்டிக்காட்டுகிறார். இவர் செய்த பெரும்பணி வேறு. மாணவருக்கு உணவும் உதவித்தொகையும், ஆசிரியருக்கு ஊதியமும், இவற்றுக்கெல்லாம் நிலையான வருமானம் தர வக்ஃபு சொத்துக்களும் என்ற ஏற்பாட்டை ஒரு பேரரசின் பரப்பு முழுவதும் நிலைநிறுத்தினார். பக்தாத் நிஜாமிய்யாவுக்குச் சந்தைகளே வக்ஃபு செய்யப்பட்டிருந்தன. அவர் இறந்தார், அவர் தாங்கிய பேரரசும் சிதறியது. ஆனால் 1327இல் பக்தாதுக்கு வந்த இப்னு பதூதா அக்கலாசாலையைக் கண்டு வியந்து எழுதினார். வாளால் நிற்காத ஒன்று வக்ஃபால் நின்றது.

தமிழ் முஸ்லிம்களுள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் குடும்பங்களுக்கு இக்கலாசாலைகளோடு நேரடி உறவுண்டு. நிஜாமிய்யாக்கள் ஷாஃபிஈ ஃபிக்ஹுக்கென்றே வக்ஃபு செய்யப்பட்டவை. ‘அத்தன்பீஹ்’, ‘அல்முஹத்தப்’ ஆகிய நூல்களை எழுதிய இமாம் அபூ இஸ்ஹாக் ஷீராஸீ (ரஹ்) பக்தாத் நிஜாமிய்யாவின் ஆசிரியர். அவ்வாசிரியரை அப்பதவியில் அமர்த்த எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதே தனிக்கதை.

இருக்கையை மறுத்த இமாம்

1067ஆம் ஆண்டின் திறப்பு நாளில் பக்தாதின் பெருமக்கள் கூடிக் காத்திருந்தனர். இமாம் ஷீராஸீ வரவில்லை. வரும் வழியில் ஓர் இளைஞன் எதிர்ப்பட்டு, அபகரிக்கப்பட்ட இடத்தில் எப்படிப் பாடம் நடத்துவீர்கள் என்று கேட்டானாம். இமாம் அப்படியே திரும்பிவிட்டார். வேறு வழியின்றி இப்னுஸ் ஸப்பாக் (ரஹ்) அந்த இருக்கையில் அமர்த்தப்பட்டார். 20 நாட்கள் கழித்து, வஸீரின் வற்புறுத்தலும் மாணவர்களின் நெருக்குதலும் சேர்ந்து இமாம் ஷீராஸீயை இணங்கச் செய்தன. அதன் பின்னரும் தொழுகை நேரம் வந்தால் அவர் கலாசாலையை விட்டு வெளியேறி அருகிலுள்ள பள்ளிவாசலில் தொழுதார்.

பேரரசின் முதலமைச்சர் பெருஞ்செலவில் எழுப்பிய கட்டடத்தை நோக்கி, இதன் மண் ஹலாலா என்று ஒருவன் கேட்கிறான். அக்கேள்விக்கு மதிப்பளித்து ஓர் இமாம் திரும்பிச் செல்கிறார். ஸதகத்துல் ஜாரியா என்ற நிய்யத் மட்டும் ஒரு கட்டடத்தைத் தூய்மையாக்கிவிடாது என்பதை அன்றைய பக்தாத் அறிந்திருந்தது. நன்கொடைப் பலகைகளில் பெயர்களைப் பொறிக்கும் நாம் அப்பணத்தின் மூலத்தைக் கேட்கும் துணிவையும் இமாம் ஷீராஸீயிடம் கற்க வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. பக்தாதில் ஆலிம்களுக்கு ஊதியத்தோடு கலாசாலை எழுந்த செய்தி மாவராஉன்னஹ்ர் பகுதியை எட்டியபோது, அங்கிருந்த அறிஞர்கள் துக்கம் அனுசரித்தனராம். இதுவரை அல்லாஹ்வுக்காகக் கற்றவர்கள் இனிக் கூலிக்காகக் கற்பார்கள் என்பது அவர்களது கவலை. மதரஸாவில் ஊதியம் பெற்றே ஓதிக்கொடுக்கும் நாம் இக்கவலையை எளிதாகக் கடந்துசெல்ல இயலாது. ஊதியம் இல்லாவிட்டால் ஏழை வீட்டுப் பிள்ளை ஆலிமாக முடியாது. ஊதியமே நோக்கமானால் ஆலிம் ஆலிமாக இருக்க முடியாது. நிஜாமிய்யாவின் ஏற்பாடு முதற்குறையைத் தீர்த்தது. இரண்டாம் குறையைத் தீர்க்க எந்த வஸீராலும் இயலாது. அதை ஒவ்வோர் ஆலிமும் தனது உள்ளத்தில்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். இமாம் கஸ்ஸாலியும் அதையே செய்தார். 1091இல் நிஜாமுல் முல்க் அளித்த பக்தாத் இருக்கையை, 1095இல் தமது நிய்யத் தூயதா என்று தம்மையே விசாரித்து, விட்டு வெளியேறினார்.

மத்ஹபுச் சண்டையில் வஸீரின் நிலை

ஒரு தரப்புக்கு ஆதரவளிக்கும் ஆட்சியாளர் மறுதரப்பை ஒடுக்குவதே உலக வழக்கம். 1077இல் அந்தச் சோதனை வந்தது. இமாம் குஷைரீயின் மகனார் பக்தாத் நிஜாமிய்யாவில் ஆற்றிய உரைகளால் அஷ்அரீகளுக்கும் ஹன்பலீகளுக்கும் மோதல் மூண்டு உயிர்களும் போயின. ஷாஃபிஈகள் வஸீரிடம் முறையிட்டனர். அவரோ ஷாஃபிஈ, அக்கலாசாலையைக் கட்டியவரும் அவரே. ஆயினும் ஹன்பலீகளை நசுக்க அவர் முன்வரவில்லை. அப்பகுதி மக்களிடம் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் மத்ஹபே மிகுந்திருக்கிறது, அவரது தகுதியும் யாவரும் அறிந்தது, கலாசாலை எழுப்பியது அறிஞர்களைப் பேணுவதற்கேயன்றிப் பிளவு உண்டாக்குவதற்கன்று என்ற கருத்துப்பட அவர் பதில் எழுதியதாக ஹன்பலீ அறிஞர் இப்னுல் ஜவ்ஸீயே (ரஹ்) பதிவுசெய்கிறார். உரை நிகழ்த்தியவரை பக்தாதிலிருந்து அழைத்துக்கொண்டார்.

தொழுகையில் கை கட்டும் இடம் முதல் பிறை பார்ப்பது வரை ஒவ்வொன்றிலும் ஊர் இரண்டாகி, பள்ளிவாசல் இரண்டாகி, சில வீடுகளில் திருமணப் பேச்சும் முறிகின்ற நிலையை நாம் கண்டுவருகிறோம். அதிகாரம் கையில் இருந்தும் தம் தரப்புக்காக அதைச் செலுத்தாத இப்பண்பு நமது நிர்வாகிகளுக்கு மிகவும் தேவையானது.

பிள்ளைகளுக்குப் பகிர்ந்த மாகாணங்கள்

இனி, விழா மேடைகளில் சொல்லப்படாத பகுதிக்கு வருவோம்.

முந்தைய வஸீர் குன்துரீ 1064இல் கொல்லப்பட்டார். கட்டளை சுல்தானுடையது என்றாலும் அதன் பின்னே நிஜாமுல் முல்க் இருந்தார் என்பதை வரலாற்றாசிரியர்கள் மறைக்கவில்லை. கொல்லப்படுமுன் குன்துரீ அனுப்பிய செய்தியில், வஸீர்களைக் கொல்லும் வழக்கத்தைத் துருக்கியருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டீர், இது உம்மிடமும் உம் சந்ததியிடமும் திரும்பி வரும் என்ற எச்சரிக்கை இருந்தது. குன்துரீ இமாம்களுக்கு அநீதி இழைத்தவர்தான். ஆனால் அநீதி இழைத்தவரை அகற்றுவது வேறு, அகற்றப்பட்ட பின்னரும் அவர் உயிரைப் பறிப்பது வேறு.

1072இல் அல்ப் அர்ஸலான் கொல்லப்பட, இளைஞரான மலிக்ஷா அரியணை ஏறினார். கஷ்கர் முதல் அந்தாக்கியா வரை நீண்ட பேரரசின் நிர்வாகம் முற்றிலும் வஸீரின் கைக்கு வந்தது. அவர் தம் மகன்கள், பேரர்கள், மருமக்கள் ஆகியோரை மாகாணங்களிலும் அலுவலகங்களிலும் அமர்த்தினார். திறமையுடையோரும் அவர்களுள் இருந்தனர். ஆயினும் பதவி குடும்பச் சொத்தானால் என்ன விளையும் என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

பல்கின் ஆளுநராக இருந்த மகன் ஜமாலுல் முல்க், தம் தந்தையைச் சுல்தானின் விதூஷகன் ஒருவன் அவையில் கேலி செய்கிறான் என்று கேள்விப்பட்டார். இஸ்ஃபஹானுக்கு விரைந்து வந்து அவனது நாவைப் பிடுங்கச் செய்தார். அவன் மாண்டான். சுல்தான் அப்போது வாய் திறக்கவில்லை. ஆனால் 1082இல் குராசானில் ஜமாலுல் முல்க் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டார், சுல்தானின் இரகசியக் கட்டளையால். பின்னர் அதே சுல்தான் தந்தையிடம் வந்து, நானே உமக்கு மகனாக இருக்கிறேன் என்று ஆறுதல் கூறினார்.

பத்து ஆண்டுகள் கழித்து, அந்த ஜமாலுல் முல்கின் மகன் உஸ்மான் மர்வின் நிர்வாகியாக இருந்தார். அவர் சுல்தானின் நெருங்கிய படையதிகாரி ஒருவரைப் பிடித்து அவமதித்தார். சினந்த மலிக்ஷா கிழவர் வஸீருக்குச் செய்தி அனுப்பினார்: நீர் ஆட்சியில் எனக்குப் பங்காளியா, பிரதிநிதியா? பிரதிநிதி என்றால் எல்லைக்குள் நில்லும்; உம் பிள்ளைகள் ஆளுக்கொரு மாகாணத்தைப் பிடித்துக்கொண்டு வரம்பு மீறுகின்றனர். இதுவே அச்செய்தியின் சாரம். வஸீரின் பதிலும் கடுமையாக இருந்தது. ஆம், நான் பங்காளிதான். சுல்தானின் மகுடம் எனது மைக்கூட்டோடு பிணைந்தது. இதை மூடினால் அதுவும் விழும் என்ற பொருளில் அவர் மறுமொழி விடுத்தார்.

அரசியல் அளவில் அவர் கூறியது மெய்யென்று பின்னர் நிரூபணமாயிற்று. மார்க்க அளவுகோலில் அது ஓர் ஆலிமின் நாவிலிருந்து வந்திருக்கக்கூடாத சொல். பதவி அமானிதம் என்று அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸை அவர் அறியாதவரல்லர். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கப் பணிக்கும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனமும் அவருக்குத் தெரியும். ஆனால் 30 ஆண்டுகள் ஒரே இருக்கையில் அமர்ந்தால் அமானிதம் சொந்தச் சொத்தாகத் தோன்றத் தொடங்குகிறது. மைக்கூடு அரசுடையது, அவர் அதை ‘எனது மைக்கூடு’ என்றார்.

திறந்திருந்த வாசல்

அதே 1092ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 485 ரமளான் பிறை 10, அக்டோபர் 14. சுல்தானின் பரிவாரம் இஸ்ஃபஹானிலிருந்து பக்தாதுக்குச் சென்றுகொண்டிருந்தது. நஹாவந்துக்கு அருகே நோன்பு திறந்தபின் வஸீர் பல்லக்கில் தமது குடும்பத்தாரின் கூடாரத்தை நோக்கிச் சென்றார். மனுக் கொடுக்க வருபவன்போல் ஓர் இளைஞன் நெருங்கிக் கத்தியால் குத்தினான். அப்போது அவருக்கு வயது 74. கொலையாளி அலமூத்தின் ஆள் என்பது பொதுவான கூற்று. சுல்தானுக்கும், வஸீரின் போட்டியாளர் தாஜுல் முல்குக்கும் அதில் பங்கிருந்தது என்ற ஐயமும் அன்றே எழுந்தது. 35 நாட்களுக்குள் மலிக்ஷாவும் பக்தாதில் இறந்தார். வாரிசுப் போர்களில் பேரரசு சிதறியது. வஸீரின் மகன்களான முஅய்யிதுல் முல்கும் ஃபக்ருல் முல்கும் பின்னாளில் வஸீர்களாகி, இருவரும் கொலையுண்டே மாண்டனர். குன்துரீயின் எச்சரிக்கை அவர்களது காலத்தவருக்கு நினைவு வந்திருக்கும்.

மனுதாரனாக வந்தவன் நெருங்க முடிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. அவர் உணவருந்தும்போது ஏழைப்பெண் ஒருத்தியைக் காவலர்கள் தடுத்ததைக் கண்டு, இத்தகையோரை என்னிடம் சேர்ப்பதற்கே உங்களை வைத்திருக்கிறேன், பெரிய மனிதர்களுக்கு உங்கள் உதவி தேவையில்லை என்று அவர் கண்டித்தாராம். அவரது வாசல் எளியோருக்குத் திறந்தே இருந்தது. அவ்வாசல் வழியே கொலையாளியும் வந்தான். அல்லாஹ் அவரது நன்மைகளை ஏற்றுப் பிழைகளைப் பொறுப்பானாக.

நமது இருக்கைகள்

ஒரு மஹல்லாவின் முத்தவல்லி பதவியும், ஒரு மதரஸாவின் செயலாளர் பொறுப்பும், ஒரு வக்ஃபுச் சொத்தின் வாடகைக் கணக்கும் பேரரசோடு ஒப்பிட மிகச் சிறியவை. ஆனால் அமானிதம் என்ற பெயரில் அவை சமமானவை. தந்தை நன்றாக நடத்தினார் என்பதற்காக மகனும், மகனுக்குப் பின் பேரனும் எனப் பொறுப்பு கைமாறும் ஊர்கள் உண்டு. மகன் தகுதியுடையவராக இருந்தால் தடையில்லை. ஆனால் அத்தகுதியைத் தீர்மானிப்பவர் யார், கணக்கைக் கேட்பவர் யார் என்பனவற்றுக்கு விடை இல்லாத இடத்தில் மைக்கூடு ‘எனது’ ஆகிவிடுகிறது.

பொறுப்பில் இருப்போர் நிஜாமுல் முல்கின் மற்றொரு பழக்கத்தைப் பின்பற்றலாம். இமாமுல் ஹரமைனும் குஷைரீயும் அவரது அவைக்கு வந்தால் எழுந்து வரவேற்றுத் தமது இருக்கையில் மீண்டும் அமர்வார். அபூ அலீ ஃபார்மதீ (ரஹ்) வந்தாலோ எழுந்து, தமது இருக்கையிலேயே அவரை அமர்த்தி, அவர் முன் தாம் அமர்வார். காரணம் கேட்டவர்களிடம், அவ்விருவரும் என்னிடம் இல்லாததைச் சொல்லிப் புகழ்கின்றனர், அதனால் எனது ஆணவம் வளர்கிறது. இவரோ எனது குறைகளையும் நான் செய்யும் அநீதிகளையும் எடுத்துச் சொல்கிறார் என்று பதிலளித்தாராம்.

குறை சொல்பவருக்குத் தம் இருக்கையைக் கொடுத்த அப்பண்பே அவரது நன்மைகளையெல்லாம் காத்தது என்று நாம் கருதுகிறோம். பிள்ளைகள் விஷயத்தில் அத்தகைய ஒரு நாவை அவர் கேட்காமல் போனதே இறுதியில் அவரை வீழ்த்தியது. ஆதலால் அடுத்த பொதுக்குழுவில் கணக்குக் கேட்டு எழுந்து நிற்கும் சகோதரரைப் பகைவராக எண்ணாதீர்கள். அவருக்கு முன்வரிசையில் ஓர் இருக்கை கொடுங்கள்.

அமானிதங்களைப் பேணி, அவற்றை உரியவர்களிடம் ஒப்படைக்கும் நல்லோராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.